படுதாவை இறக்காதே

ராசா,

வேன் பத்திரமாகப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தது என்று நீ எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படி என்றார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல அவருக்குத் தெரிகிறது. இல்லையென்றால் உன் கடிதத்தை என் கையில் கொடுப்பாரா, வேனைத்தான் உன் கையில் கொடுத்திருப்பாரா? பாதி வழியில் எஞ்சின் சூடானதையும், நீ வாய்க்கால் தண்ணீர் ஊற்றியதையும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் கடைசியில் சிரிப்புக்காக நீ எழுதியிருந்த நாலு வரியை மட்டும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. பூசைக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டதாம், நீ படுதாவை இறக்கிக் கட்டினாயாம், கொஞ்ச தூரம் போனதும் மருமகள் பிலோமினா தலை வலிக்கிறது, படுதாவைத் தூக்குங்கள் என்றாளாம். 'மகாராணிக்கு மோட்டார் ஒத்துக்கலே, கட்டைவண்டிதான் சரி' என்று நீ சிரித்தாயாம். அவள் கோபித்துக்கொண்டு இறங்கி மழையிலேயே நடந்தாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை ராசா. அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இது கையில் கிடைத்ததும் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து பின்னால் போகிற புகைக்குழாயை முழுக்கத் தடவிப் பார். எங்காவது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், இல்லை குழாயை இணைக்கிற பூட்டு கழன்றிருக்கும். பலகைக்கு அடியில் புகை கசிந்தால் அது இடுக்கு வழியாக உள்ளேதான் ஏறும். அதை அடைக்கும்வரை வேனில் யாரையும் ஏற்றாதே. குழாயில் ஒன்றுமில்லை என்றாலும் படுதாவை இறக்காதே. பிலோமினாவின் தலைவலிக்கு வேறு நல்ல காரணமும் இருக்கலாம். அதை மாமியார் கடிதத்தில் கேட்பது அழகில்லை, நீயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள். ஆனால் எந்தக் காரணமாக இருந்தாலும், வண்டிக்குள் இருக்கிறவள் மூச்சு முட்டுகிறது என்றால் ஓட்டுகிறவன் சிரிக்கக் கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வேன் நம் வீட்டுக்கு வந்தது யுத்தத்துக்கு முன்னால். திருச்சியில் யாரோ கழித்துவிட்ட மோட்டாரை உன் அப்பா வாங்கி, பின்பாதியை அறுத்தெறிந்துவிட்டு, தேக்குப் பலகையில் கூண்டு கட்டினார். இரண்டு பக்கமும் பெஞ்சு, மேலே தார்ப்பாய், ஓரத்தில் சுருட்டிக் கட்டும் படுதா. ஊரில் அதைப் பெட்டிக்கார் என்றார்கள். கல்யாணம், காதுகுத்து, ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழா என்று எதற்குப் போனாலும் குடும்பம் மொத்தமும் அதில்தான் ஏறும். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் எல்லாம் நின்றது. மற்றவர்கள் மோட்டாரைக் கொட்டகையில் நிறுத்தி வைக்கோலைப் போட்டு மூடினார்கள். உன் அப்பா திருச்சிக்குப் போய், வண்டியின் பின்னால் ஒரு கரி உலையை மாட்டிக்கொண்டு வந்தார்.

நீ அப்போது கும்பகோணத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், லீவுக்கு வரும்போது மட்டும்தான் அதைப் பார்த்திருப்பாய். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய், மேலே மூடி, கீழே சாம்பல் கதவு. உள்ளே அடுப்புக்கரியை நிரப்பிப் பற்றவைத்து, காற்றை அளந்து விட்டால் கரி கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று ஒரு கேஸை விடும். அந்த கேஸ் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய் பெட்ரோல் இல்லாமலே வண்டியை ஓட்டும். முதல் நாள் உன் அப்பா அதோடு மல்லுக்கட்டியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். கரி நனைந்திருந்தது, பாதி தூளாக இருந்தது, உலைக்குக் காற்று ஊதும் விசிறியைச் சுற்றிச் சுற்றி அவருக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. எனக்குத் தாங்கவில்லை. "தள்ளுங்க, அடுப்பு பத்தவைக்கத் தெரியாதவளா நானு?" என்று முறத்தையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு போனேன். தூளைச் சலித்துத் தள்ளி, கரியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, வெயிலில் காயப்போட்டுப் போட்டதும் உலை பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார், நான் உலையைப் பார்ப்பேன். பெட்ரோலில் ஏறின மேட்டில் கரி கேஸில் பாதிதான் ஏறும், எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். இருந்தாலும் வண்டி ஓடியது. சுற்றுவட்டாரத்தில் ஓடிய ஒரே குடும்ப வண்டி நம்முடையதுதான்.

அந்தச் சமயத்தில்தான் உன் லூர்து அத்தைக்குக் கல்யாணம். உன் அப்பாவுக்கு ஒரே தங்கை, தாய் தகப்பன் இல்லாமல் நம் வீட்டில் வளர்ந்தவள். மாப்பிள்ளை பாடாலூர். பெண்ணை வில்வண்டியில் ஜோடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உன் அப்பா கேட்கவில்லை, வேனில்தான் போக வேண்டும் என்றார். கோயில் வாசலில் இறங்கும்போது உலையின் மேல் மூடி படீரென்று திறந்துகொண்டு, கரித்தூள் பறந்து அவளுடைய பட்டுச்சேலை முழுக்க அப்பிவிட்டது. சந்தனக் கலர் சேலை. அவள் அழுதுகொண்டே பீடத்தின் முன்னால் நின்றாள். உலையைப் பார்க்கிறவள் நான் என்பதால் பழி என் மேல். "அண்ணி வேணும்னே பண்ணிட்டாங்க" என்று பாடாலூரில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தாலும் என் முகம் பார்க்க மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் உன் தங்கை ஸ்டெல்லாவிடம், "உங்கம்மாகிட்ட ஒரு சொம்பு தண்ணி வாங்கிட்டு வா" என்பாள். நான் எதிரிலேயே நிற்பேன். எனக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. நானும் ஸ்டெல்லாவிடமே பதில் சொல்லுவேன்.

அவளைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வரத்தான் அந்த ஐப்பசியில் பாடாலூர் போனோம். நீ லீவுக்கு வந்திருந்தாய், மீசை அரும்பத் தொடங்கியிருந்த வயசு, நானும் வரேன் என்று ஏறிக்கொண்டாய். ஸ்டெல்லா சின்னக்குட்டி. லூர்து வேனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "இந்தச் சுடுகாட்டு வண்டியா?" என்று அவள் புருஷனிடம் கேட்டது எனக்கும் கேட்டது. அவருக்கு அறுவடை வேலை, கூட வர முடியவில்லை. வேறு வண்டியும் இல்லை. ஏறினாள். பெரம்பலூர் தாண்டி அரியலூர் பாதையில் வரும்போது வானம் ஒரே கருப்பு. மழை சாய்வாக அடித்தது. உன் அப்பா வண்டியை நிறுத்தி, படுதாவை நாலு பக்கமும் இறக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பிள்ளைத்தாய்ச்சி நனையக் கூடாது என்கிற ஒரே எண்ணம் அவருக்கு.

கொஞ்ச தூரத்தில் ஓடை குறுக்கிட்டது. தரைப்பாலத்துக்கு மேல் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. இரண்டு மூன்று பாரவண்டிகள் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றன. எஞ்சினை நிறுத்தினோம். உலையை அணைக்க முடியாது. அணைத்தால் அந்த மழையில் மறுபடி பற்றாது. அதனால் நான் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் இறங்கி நின்று, கரி போட்டு நெருப்பைக் காத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடும்போது கேஸையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். நின்றுபோனால் உறிஞ்ச ஆளில்லை, கேஸ் மூடி இடுக்கில் கசியும். புகையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், இருமல் வரும். இது தெரியாது, மணமும் கிடையாது. அன்றைக்குக் காற்று எனக்குப் பின்னாலிருந்து வண்டிக்குள் அடித்தது. எங்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. உலையை மாட்டிக்கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

உள்ளே லூர்து தலைவலிக்கிறது என்று சொன்னது கேட்டது. படுதாவின் ஓரத்தைத் தூக்கினாள். உன் அப்பா, "சாரல் அடிக்குது பாரு, எறக்கு புள்ள. மாசமா இருந்தா தலவலி வரத்தான் செய்யும்" என்றார். இறக்கினாள். பிறகு அவர் ஓடையில் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கக் கரைப்பக்கம் போய், வண்டிக்காரர்களோடு நின்றுவிட்டார். அப்புறமும் அந்த ஓரம் தூக்குவதும் விழுவதுமாக இருந்தது. நீயும் ஸ்டெல்லாவும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள், பிறகு சத்தம் இல்லை. தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மழைக்குத் தூக்கம் வரும்தானே.

நான் குனிந்து சாம்பலைக் கிளறிவிட்டு நிமிர்ந்தபோது படுதாவுக்குக் கீழே லூர்துவின் கை வெளியே நீண்டிருந்தது. வளையல் முழங்கை வரை சரிந்து கிடந்தது. உள்ளங்கையில் மழை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, கை அசையவில்லை. அவள் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "லூர்து!" என்றேன். பதில் இல்லை. கையைத் தொட்டேன். துணிபோலத் துவண்டது. கரிச்சாக்கு அறுக்க இடுப்பில் ஒரு கத்தி வைத்திருப்பேன், அதை எடுத்துப் படுதாவை மேலிருந்து கீழாகக் கிழித்தேன். ராசா, மூன்று பேரும் தூங்குகிறவர்கள் மாதிரியே இருந்தீர்கள். முகத்தில் நோவில்லை. கன்னமெல்லாம் சிவந்து, நல்லா சாப்பிட்டுப் படுத்த பிள்ளைகள் மாதிரி இருந்தது. நீ பெஞ்சிலிருந்து சரிந்து, ஸ்டெல்லாவின் மேல் தலையை வைத்துக் கிடந்தாய்.

"ஏங்க! ஓடியாங்க! புள்ளைங்க போச்சு!" என்று நான் கத்தியது ஓடைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. அவர்கள் வருவதற்குள் லூர்துவின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துச் சேற்றில் கிடத்திவிட்டேன். நிறைமாத உடம்பு, எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. உன் அப்பா உன்னையும், வண்டிக்காரர் ஒருவர் ஸ்டெல்லாவையும் தூக்கி வந்தார்கள். மழை உங்கள் முகத்தில் நேராக விழுந்தது. ஸ்டெல்லாதான் முதலில் வீரிட்டு அழுதாள். லூர்து வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்து, யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். நீ எழுந்திருக்கவே இல்லை. உன் அப்பா உன் நெஞ்சைத் தேய்த்தார், கன்னத்தில் அறைந்தார், "டேய் தம்பி, டேய் தம்பி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் செபம் சொல்லத் தொடங்கி, அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் வார்த்தை மறந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் நீ ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "ஏன் எல்லாரும் நனையுறீங்க?" என்று கேட்டாய். மழையில் மயக்கம் வந்துவிட்டது என்றுதான் உனக்குச் சொன்னோம். அன்று முழுக்க உனக்குப் பாதி நினைவுதான், நீயும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அதோடு முடிந்திருந்தால் உன் அப்பா அங்கேயே உலையைக் கழற்றி ஓடையில் தள்ளியிருப்பார். "இனிமே இந்தப் பாடையில எம்புள்ளைங்க ஏறாது. மாட்டுவண்டியில போவோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லூர்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருந்தது, ஆனால் அன்றைக்கு உடம்பு பட்ட பாட்டுக்கு நாள் பார்க்குமா? மழையில் பாரவண்டி அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகும். உன் அப்பா வேனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஓடியாடினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, வண்டியக் கெளப்புங்க" என்றாள் லூர்து.

"இதுலயா? உன்னைக் கொல்லப் பாத்துச்சே புள்ள."

"படுதாவ அறுத்து எறிங்க. மழையில நனைஞ்சா தொவட்டிக்கலாம்ணே. கெளப்புங்க!"

அந்த வண்டியைச் சுடுகாட்டு வண்டி என்றவள் அவள். அவளே ஏறிப் பெஞ்சில் படுத்துக்கொண்டாள். உன் அப்பா என் கத்தியை வாங்கி நாலு பக்கக் கயிற்றையும் அறுத்தார். தார்ப்பாயையும் விடவில்லை, கூரையையே உரித்துப்போட்டார். நான் கரிசல் மண்ணைக் குழைத்து, சோற்றுப்பானைக்கு மாவு பூசி மூடுவதுபோல உலை மூடியின் விளிம்பெல்லாம் அப்பினேன். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. வண்டிக்காரர்கள் தரைப்பாலத்தின் இரண்டு ஓரத்திலும் குச்சி ஊன்றி நடந்து வழி காட்ட, நடுவில் வேன் போனது. எஞ்சின் ஒரு தடவை திக்கியது, நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. நீ முன்னால் அப்பா தோளில் சாய்ந்திருந்தாய். ஸ்டெல்லாவை உன் மடியில் போட்டிருந்தோம். நான் பின்னால் லூர்துவின் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வலி வரும்போதெல்லாம் அவள் என் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தாள். கூரையில்லாத வண்டியில், வானத்து மழை மொத்தமும் எங்கள் மேல்.

அரியலூரில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். "என்னம்மா, கெணத்துல வுழுந்து எந்திரிச்ச மாதிரி வர்றீங்க?" என்று நர்ஸம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறது. குழந்தை பிறந்தது, அழவில்லை. வெளியே நின்ற எங்களுக்கு உள்ளே தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு குரல், அதற்கப்புறம் நல்ல அழுகை. பெண் குழந்தை. டாக்டரம்மா வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரி கேஸ் ஆளைத் தூங்க வெச்சே கொன்னுடும். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க" என்றார். உன் அப்பா வெளியே போனார். தேடிக்கொண்டு போனேன். வேனின் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "பாப்பா நனையக் கூடாதுன்னுதான் கட்டினேன்" என்றார். தங்கையைச் சின்ன வயசில் அப்படித்தான் கூப்பிடுவார். "தெரியும்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அதற்கப்புறமும் யுத்தம் முடியும்வரை கரியில்தான் ஓட்டினோம். வேறு வழியில்லை. ஆனால் உலையை வண்டியிலிருந்து தள்ளி, பின்னால் ஒரு இரும்புச் சட்டத்தில் மாட்டினார். வண்டி நிற்கும்போது எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். யாராவது லேசாகத் தலை வலிக்கிறது என்றாலும் நிறுத்திவிடுவார். திருவிழாவுக்கு நேரமாகிறதே என்று உறவுக்காரர்கள் முணுமுணுப்பார்கள், காதில் வாங்க மாட்டார். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் கியரையும் கிளச்சையும்விட அதிகமாகப் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னதை நீ கிண்டல் செய்வாய். இப்போது தெரிந்திருக்கும்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ரேடியேட்டருக்கு நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதே, சோற்றுப்பானையிலேயே வெள்ளையாகப் படிகிற தண்ணீர், குழாயை விட்டுவைக்குமா? மழைத் தண்ணீர் பிடித்துவை. நீ வாய்க்கால் தண்ணீர் ஊற்றியது சரிதான், ஆனால் துணியில் வடிகட்டி ஊற்று. கரிசல் ரோட்டில் போய்வந்தால் சக்கரத்து மண் காய்வதற்குள் தட்டிவிடு, காய்ந்துவிட்டால் பிரேக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இந்த மழைக்காலத்தில் பலகைக் கதவு ஊதிக்கொண்டு திறக்காது. பலத்தைக் காட்டி இழுக்காதே, விளிம்பில் மெழுகு தடவு. யுத்தம் முடிந்தும் இன்னும் கூப்பனில்தான் கிடைக்கிற பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருள விடாதே. உன் அப்பா அதைச் செய்வார், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். பிலோமினாவுக்கும் ஓட்டக் கற்றுக்கொடு. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். உலை வண்டியில் கரியோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரிக்காத ஊரா?

லூர்து விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளோடு நான்தான் தங்கியிருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்ட ஒரு மத்தியானம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஸ்டெல்லா இல்லாததால் நேராகத்தான் பேச வேண்டியிருந்தது. "தலவலி தாங்காமத்தான அன்னிக்கு அந்த ஓரத்தத் தூக்கிக்கிட்டே இருந்த? நாங்க கேக்கலியே" என்றேன்.

"மொதல்ல தலவலிதான் அண்ணி" என்றாள். "அப்புறம் தூக்கிப் பாத்தா நீங்க அந்தக் கிழிஞ்ச சாக்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. முதுகெல்லாம் தண்ணி வழியுது. மூஞ்சி முழுக்கக் கரி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கூப்பிடணும்னு நெனைப்பேன், வாய் வராது, எறக்கிருவேன். கடைசியில, போவுது போ, உள்ள வந்து உக்காருங்கன்னு கூப்பிடத்தான் கைய நீட்டினேன். அதுக்குள்ள எனக்குப் பேச்சு நின்னுபோச்சு."

அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். குழந்தை பாலுக்கு அழுகிறவரை அது அங்கேயே இருந்தது.

உன்
அம்மா